தரையிறங்கிய பிறகு என்ன நடக்கிறது? ரன்வே பாதுகாப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டதும் உள்ளே என்ன நடக்கும் என்று விமானத்தில் போன எல்லோருக்கும் தெரியும். ஒரு பெருமூச்சு, நாலா பக்கமும் செல்போன் சத்தம், பெல்ட்டைக் கழற்றும் சத்தம். இறங்கியாச்சு, இனி உருட்டிக்கொண்டு போய் நிறுத்த வேண்டியதுதானே என்ற எண்ணம் நன்றாக விவரம் தெரிந்தவர்களிடம்கூட இருக்கிறது. விமான விபத்து என்று பேச்சு வந்தாலும் வானத்தில் நடப்பதைப் பற்றியும், இறங்கும் அந்தச் சில நொடிகளைப் பற்றியும்தான் பேசுகிறோம்.

ஆனால் உலகிலேயே அதிக உயிர்களைப் பலிகொண்ட விமான விபத்து நடந்தது வானத்தில் அல்ல, தரையில். 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவில், மூடுபனிக்குள் ஒரு போயிங் 747 ரன்வேயில் மெதுவாக உருண்டு போய்க்கொண்டிருந்தது. அதே ரன்வேயில் இன்னொரு 747 மேலெழும்ப ஓடத் தொடங்கியது. 583 பேர் இறந்தார்கள்.

விமானம் தன் சக்கரத்தில் உருண்டு ஓர் இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போவதைத்தான் டாக்ஸியிங் என்கிறார்கள். அதிலும் தரையிறங்கிய பிறகு நடக்கும் டாக்ஸியிங்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். ஏனென்றால் பயணிகள் மட்டுமல்ல, விமானிகளின் மனமும் சற்றுத் தளரப் பார்க்கும் நேரம் அது.

இறங்கியவருக்குத்தான் ஆபத்து

மின்சார ரயிலில் வந்து ஒரு சிறிய நிலையத்தில் இறங்குகிறீர்கள். நடைமேம்பாலம் தூரத்தில் இருக்கிறது. வீடோ தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். பலரும் என்ன செய்கிறார்கள்? பையைத் தோளில் போட்டுக்கொண்டு, போனைப் பார்த்தபடியே தண்டவாளத்தைக் கடக்கிறார்கள். பயணம் முடிந்துவிட்டது என்று மனம் முடிவு செய்துவிட்டது. அப்போதுதான் பக்கத்துத் தடத்தில் நிற்காமல் போகும் ரயில் வருகிறது. அந்த ஓட்டுநர் உங்களைப் பார்த்தாலும் நிறுத்த முடியாது.

இறங்கிய விமானத்தின் நிலையும் ஏறத்தாழ இதுதான். பல பெரிய விமான நிலையங்களில் இரண்டு ரன்வேக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வெளிப்பக்க ரன்வேயில் இறங்கும் விமானம் டெர்மினலுக்குப் போக வேண்டுமானால், உள்பக்க ரன்வேயைக் கடந்தே ஆக வேண்டும். அந்த ரன்வேயில் அதே நேரத்தில் இன்னொரு விமானம் புறப்பட்டுக்கொண்டிருக்கலாம்.

மேலெழும் நேரத்தில் ஒரு பெரிய பயணிகள் விமானத்தின் வேகம் மணிக்கு 270, 280 கிலோமீட்டர் இருக்கும். அதாவது நொடிக்கு 75 மீட்டருக்கும் மேல். கடக்கும் விமானமோ நொடிக்குப் பத்து மீட்டர் அளவில் நகர்கிறது. முழு ரன்வே பகுதியையும் தாண்ட அதற்கு இருபது நொடியாவது பிடிக்கும். அந்த இருபது நொடியில் புறப்படும் விமானம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்துவிடும்.

கோடும் விளக்கும் பலகையும்

ரன்வே என்பது ஏறவும் இறங்கவும் மட்டும் உள்ள பாதை. டாக்ஸிவே என்பது ரன்வேக்கும் விமானம் நிறுத்தும் இடத்துக்கும் நடுவே உள்ள இணைப்புச் சாலை. ரன்வேயில் கோடுகள் வெள்ளை, டாக்ஸிவேயில் மஞ்சள். இரவில் ரன்வே ஓரத்தில் வெள்ளை விளக்கு, டாக்ஸிவே ஓரத்தில் நீல விளக்கு. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர்கள் அடுத்த முறை பாருங்கள், நீல விளக்கு வரிசை தெரிய ஆரம்பித்தால் ரன்வேயை விட்டு வெளியே வருகிறீர்கள் என்று அர்த்தம்.

ரன்வேக்குப் பெயர் எண்தான். திசைகாட்டியில் ரன்வே எந்தப் பாகையை நோக்கி இருக்கிறதோ, அதை அருகிலுள்ள பத்தின் மடங்காக்கி, கடைசி இலக்கத்தை விட்டுவிட்டுச் சொல்வார்கள். சென்னையின் முக்கிய ரன்வே 07/25. ஒரு முனையிலிருந்து ஓடினால் ஏறத்தாழ 70 பாகை, எதிர்முனையிலிருந்து ஓடினால் 250. பாதை ஒன்று, பெயர் இரண்டு. சென்னையில் 12/30 என்று இன்னொரு ரன்வே இதைக் குறுக்கே வெட்டிப் போகிறது. ஒரே திசையில் இரண்டு ரன்வே பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் எண்ணோடு இடது, வலது என்று சேர்த்துக்கொள்வார்கள். இந்த இரட்டைப் பெயர் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

எல்லாவற்றிலும் முக்கியமான கோடு ஒன்று உண்டு. டாக்ஸிவேயும் ரன்வேயும் சந்திக்கும் இடத்துக்கு முன்னால் தரையில் குறுக்கே நான்கு மஞ்சள் கோடுகள் போட்டிருப்பார்கள். இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டு வரும் கோடு. இதற்கு ஹோல்டு ஷார்ட் கோடு என்று பெயர். முழுக்கோடு உங்கள் பக்கம் இருந்தால் அனுமதி இல்லாமல் தாண்டக் கூடாது. விட்டுவிட்டு வரும் கோடு உங்கள் பக்கம் இருந்தால் நீங்கள் ரன்வேக்குள் நிற்கிறீர்கள், தாண்டி வெளியே போக வேண்டும்.

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. விமானத்தின் மூக்கு கோட்டைத் தாண்டினால் போதாது. வாலின் நுனி வரை மொத்த விமானமும் தாண்டினால்தான் ரன்வே காலி என்று கணக்கு. ஒரு போயிங் 737-800 ஏறக்குறைய 40 மீட்டர் நீளம். 777-300ஈஆர் என்றால் 74 மீட்டர். காக்பிட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் விமானத்தின் வால் கண்ணுக்கே தெரியாது. ரன்வேயிலிருந்து வெளியே வரும் வழியின் நடுவில் பச்சையும் மஞ்சளும் மாறி மாறி எரியும் விளக்குகள் பல விமான நிலையங்களில் உண்டு. அவை முழுப் பச்சையாக மாறும் இடம்வரை நாம் இன்னும் ரன்வேயை ஒட்டியே இருக்கிறோம் என்று விமானி புரிந்துகொள்வார்.

சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து வந்தால் முன்னால் ரன்வே. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து வந்தால் 'நீ இப்போது இருக்கும் இடம் இது'. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் திரும்ப வேண்டிய வழி.

இதுவரை பார்த்ததில் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் போதும். அனுமதி இல்லாத விமானமோ வண்டியோ ஆளோ ரன்வேயின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இருப்பதுதான் பிரச்சினை. துறையில் இதற்கு ரன்வே இன்கர்ஷன் என்று பெயர். மோதல் நடந்தால்தான் என்றில்லை, தவறாக உள்ளே இருந்தாலே அது இன்கர்ஷன்.

காக்பிட்டில் அந்த இரண்டு நிமிடம்

தரை தொடும்போது வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர் அளவில் இருக்கும். பிரேக், ரிவர்ஸ் த்ரஸ்ட் (எஞ்சினின் உந்துதலை முன்பக்கமாகத் திருப்பி வேகம் குறைப்பது). வேகம் குறைந்ததும் எந்த வெளியேறும் வழி என்று தேட வேண்டும். அதற்குள் விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரிலிருந்து குரல் வரும்: இந்த வழியில் வெளியேறுங்கள், கிரவுண்டைக் கூப்பிடுங்கள். ரன்வேயைக் கவனிப்பது டவர், டாக்ஸிவேக்களைக் கவனிப்பது கிரவுண்ட், பெரிய இடங்களில் இரண்டுக்கும் வேறு வேறு அலைவரிசை. மாற்றிக் கூப்பிட்டால் எழுத்துகளும் எண்களுமாக ஒரு நீளமான வழி சொல்வார்கள். அதைக் குறித்துக்கொள்ள வேண்டும், திருப்பிச் சொல்ல வேண்டும்.

இது போதாதென்று இறக்கையின் ஃபிளாப்புகளை உள்ளே இழுக்க வேண்டும், சில விளக்குகளை அணைக்க வேண்டும், வாலில் இருக்கும் சிறிய துணை எஞ்சினை ஓட விட வேண்டும், எந்த பே, அதாவது விமானத்தை நிறுத்தும் இடம் எது என்று கம்பெனியிடம் கேட்க வேண்டும். இதெல்லாம் பெரும்பாலும் துணை விமானியின் வேலை. அவர் தலை கீழே குனிந்திருக்கிறது. தரையில் ஆட்டோபைலட் கிடையாது. இடது பக்கம் இருக்கும் ஒரு சிறிய கைச்சக்கரத்தைப் பிடித்து கேப்டன் ஓட்டுகிறார். இருவரில் ஒருவர் குனிந்துவிட்டால் வெளியே பார்ப்பது ஒரு ஜோடிக் கண்தான்.

நல்ல விமானிக் குழு இந்த நேரத்தில் செய்வது, சொல்லப்போனால், அவசரப்படாமல் இருப்பது. விமானம் முழுதாகக் கோட்டைத் தாண்டும்வரை எந்தச் சுவிட்சையும் தொட மாட்டார்கள். செக்லிஸ்ட் காத்திருக்கலாம், அடுத்த ரன்வே காத்திருக்காது. ஒரு ரன்வேயைக் கடக்க வேண்டியிருந்தால் இருவரும் தலையைத் தூக்கி வெளியே பார்ப்பார்கள். "இடது காலி", "வலது காலி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்கள். டவர் அனுமதி கொடுத்த பிறகும் பார்ப்பார்கள்.

இன்னொரு விதியும் இங்கே பொருந்துகிறது. 1981 முதல் அமெரிக்காவில் ஸ்டெரைல் காக்பிட் விதி இருக்கிறது. முக்கியமான கட்டங்களில் விமானம் ஓட்டுவதோடு சம்பந்தமில்லாத எதையும் விமானிகள் பேசக் கூடாது என்பதுதான் அது. பத்தாயிரம் அடிக்குக் கீழே பறப்பதற்கான விதி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டாக்ஸியிங்கும் அதற்குள் வரும். இறங்கிவிட்டோம், இரவு எங்கே சாப்பிடலாம் என்ற பேச்சுக்குக்கூட அந்த நேரத்தில் இடமில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸில் ரன்வேயையே நகர்த்தினார்கள்

லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தின் தெற்குப் பக்கத்தில் இரண்டு இணை ரன்வேக்கள் உண்டு. வெளி ரன்வேயில் இறங்கும் விமானங்கள் வேகமாகவே திரும்பக்கூடிய சாய்வான வழியில் வெளியே வந்து, உள் ரன்வேயின் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே இடம் குறைவு. வேகம் முழுதாகக் குறையுமுன்பே அடுத்த கோடு வந்துவிடும். விமானிகள் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டும் கோட்டைத் தாண்டிய சம்பவங்கள் நடந்தன.

விமானிகளுக்குப் பாடம் எடுத்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாமல், வெளி ரன்வேயையே 55 அடி தெற்கே தள்ளிக் கட்டினார்கள். கிடைத்த இடத்தில் நடுவே ஒரு டாக்ஸிவே போட்டார்கள். 2008-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. இப்போது இறங்கும் விமானம் நேராக அடுத்த ரன்வேயை நோக்கிப் பாயாமல், நடு டாக்ஸிவேயில் திரும்பி, வேகம் தணிந்து, அப்புறம்தான் கடக்கிறது. மனிதர் தவறு செய்வார் என்று ஒப்புக்கொண்டு தரையின் அமைப்பையே மாற்றியதை நான் பெரிய விஷயமாகப் பார்க்கிறேன்.

டெல்லியில் 2023 ஆகஸ்ட் 23 அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். அகமதாபாத்திலிருந்து வந்து இறங்கிய விஸ்தாரா விமானத்துக்கு, பக்கத்து ரன்வேயைக் கடக்க அனுமதி கிடைத்தது. அதே ரன்வேயில் பாக்டோக்ராவுக்குப் புறப்படும் இன்னொரு விஸ்தாரா விமானத்துக்கும் அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. தவறு விமானிகளுடையதல்ல, கட்டுப்பாட்டு அறையில் நடந்தது. இறங்கி வந்த விமானத்தின் பெண் கேப்டன் கவனித்து எச்சரித்தார். புறப்பட இருந்த விமானம் நிறுத்தப்பட்டு பேவுக்கே திரும்பியது. அனுமதி கையில் இருந்தபோதும் அவர் கவனத்தை விடவில்லை என்பதுதான் அங்கே நடந்த காரியம்.

பிராவிடன்ஸ்: பனிக்குள் தொலைந்த ஒரு விமானம்

இறங்கிய பிறகான ஆபத்தை முழுதாகப் புரிந்துகொள்ள ஒரே ஒரு சம்பவத்தைச் சொல் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

1999 டிசம்பர் 6, இரவு. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிராவிடன்ஸ் விமான நிலையம். டவரிலிருந்து பார்த்தால் கீழே எதுவும் தெரியாத அளவுக்கு மூடுபனி. தரையில் விமானங்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் தரை ரேடாரும் அங்கே இல்லை. யுனைடெட் 1448, ஒரு போயிங் 757, '5 வலது' ரன்வேயில் பத்திரமாக இறங்கியது. கடினமான பகுதி முடிந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

நவம்பர், டாங்கோ என்ற இரண்டு டாக்ஸிவேக்கள் வழியாக டெர்மினலுக்கு வரச் சொன்னார் கட்டுப்பாட்டாளர். பனிக்குள் அவர்கள் டாங்கோவுக்குப் பதிலாக பிராவோவில் திரும்பிவிட்டார்கள். அந்த வழி அவர்களைக் கொண்டுபோய் விட்ட இடம், அவர்கள் சற்று முன் இறங்கிய அதே ரன்வே. அதுவும் இன்னொரு ரன்வே குறுக்கே வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில்.

அந்த ரன்வேக்கு '23 இடது' என்றும் ஒரு பெயர் உண்டு. முன்பு சொன்ன இரட்டைப் பெயர் இதுதான். '5 வலது' என்பதும் '23 இடது' என்பதும் ஒரே பாதையின் இரண்டு முனைகள். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர்கள் சொல்ல முயன்றார்கள். ஆனால் சொன்னது தெளிவாக இல்லை, ஒருமுறை சொன்னதும் மறுமுறை சொன்னதும் பொருந்தவும் இல்லை. அவர்கள் குறுக்கே வெட்டும் மற்ற ரன்வேயில், அதாவது அப்போது பயன்பாட்டில் இல்லாத ரன்வேயில் இருப்பதாகவே கட்டுப்பாட்டாளர் மனதில் படம் வரைந்துகொண்டார்.

அந்தப் படத்தை நம்பி, ஃபெடெக்ஸின் ஒரு போயிங் 727 சரக்கு விமானத்துக்கு '5 வலது' ரன்வேயில் புறப்பட அனுமதி கொடுத்தார். அது பனியைக் கிழித்துக்கொண்டு வந்து யுனைடெட் விமானத்துக்கு மிக அருகில் பறந்து மேலே போனது. இப்போதுதான் யாரோ இங்கே புறப்பட்டுப் போனார்கள் என்று யுனைடெட் விமானிகள் சொன்னார்கள். அப்போதும் கட்டுப்பாட்டாளர் தன் படத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அடுத்து நின்ற மெட்ரோஜெட் விமானத்துக்கும் அனுமதி கொடுத்தார்.

மெட்ரோஜெட் விமானிகள் மறுத்தார்கள். அவர்களுக்கும் வெளியே எதுவும் தெரியவில்லை. ஆனால் வானொலியில் நடந்த பேச்சு முழுதையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யுனைடெட் எங்கே இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் ரன்வேக்குள் வர மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். மீண்டும் அனுமதி வந்தும் அசையவில்லை. யுனைடெட் டெர்மினலைச் சேரும்வரை காத்திருந்தார்கள். அன்று ஒருவருக்கும் கீறல்கூட விழவில்லை.

மூன்று விஷயங்கள் இந்தச் சம்பவத்தில் ஒன்றாகத் தெரிகின்றன. ஒன்று, விமானிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாமல் போகலாம். இரண்டு, கட்டுப்பாட்டாளர் கண்ணால் பார்ப்பதை வைத்து அல்ல, காதில் கேட்டதை வைத்து மனதில் வரைந்த படத்தை நம்பியும் முடிவெடுக்கிறார். மூன்று, சம்பந்தமில்லாத மூன்றாவது விமானத்தின் காதுகள்கூட உயிர் காக்கும்.

"டவருக்கு எல்லாம் தெரியும்" என்பது சரியா?

இல்லை. இரவு, மழை, பனி, கட்டடங்கள் எல்லாம் மறைக்கும். தரை ரேடார் பெரிய உதவி, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. 2001 அக்டோபர் 8 அன்று இத்தாலியின் மிலான் லினாத்தே விமான நிலையத்தில், பனிக்குள் வழி மாறிய ஒரு சிறிய செஸ்னா ஜெட் ரன்வேக்குள் வந்து, புறப்பட்டுக்கொண்டிருந்த எஸ்ஏஎஸ் விமானம் அதில் மோதியது. 118 பேர் இறந்தார்கள். அங்கே அன்று இயங்கும் தரை ரேடார் இல்லை.

கருவி இருந்தாலும் அதைப் பார்க்க வேண்டும். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில், இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ரன்வேயில் நின்றிருந்த கடலோரக் காவல்படை விமானத்தின் மீது மோதியது. ரன்வேயில் ஏதோ இருக்கிறது என்று கட்டுப்பாட்டு அறைத் திரை காட்டியது, கவனிக்கப்படவில்லை. பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் வெளியேறித் தப்பினார்கள். மற்ற விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள்.

அப்படியானால் விமானத்திலேயே மோதல் எச்சரிக்கைக் கருவி இருக்கிறதே? இருக்கிறது. அது வானத்துக்கானது. எதிரே வரும் விமானத்திலிருந்து விலக 'மேலே ஏறு', 'கீழே இறங்கு' என்று சொல்லும் கருவி. தரையில் அந்தக் கட்டளைகளுக்கு அர்த்தமே இல்லை, அதனால் தரைக்கு அருகில் அவை தாமாகவே அடங்கிவிடும்.

கேள், திருப்பிச் சொல், சந்தேகம் என்றால் நில்

'இந்த ரன்வேக்கு முன்னால் நில்லுங்கள்' என்று கட்டளை வந்தால் விமானி 'சரி' என்று மட்டும் சொல்லக் கூடாது. ரன்வே எண்ணோடு அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். இதுதான் ரீட்பேக். மனித மனம் எதிர்பார்த்ததைத்தான் கேட்கும். தினமும் அந்த இடத்தில் 'கடந்து போங்கள்' என்று கேட்டுப் பழகிய காதுக்கு, இன்று 'நில்லுங்கள்' என்றாலும் 'கடந்து போங்கள்' என்றே விழக்கூடும். திருப்பிச் சொல்லும்போது அந்தத் தவறு வெளியே வந்துவிடும், எதிர்முனையில் இருப்பவர் கவனித்துக் கேட்டால்.

அமெரிக்காவில் முன்பெல்லாம் ஓரிடத்துக்கு டாக்ஸி பண்ண அனுமதி கிடைத்தால், வழியில் குறுக்கிடும் ரன்வேக்களைக் கடக்கவும் சேர்த்தே அனுமதி என்று கொள்வது வழக்கம். 2010 ஜூன் 30 முதல் அது கிடையாது. ஒவ்வொரு ரன்வேக்கும் தனியாக அனுமதி வேண்டும்.

விமானிகள் இறங்குவதற்கு முன்பே, இன்னும் மேலே இருக்கும்போதே, விமான நிலைய வரைபடத்தை எடுத்து எந்த வழியாக வெளியே வரலாம், எங்கே ரன்வே குறுக்கிடும் என்று பேசிக்கொள்வார்கள். குழப்பத்துக்குப் பேர்போன சந்திப்புகளை அந்த வரைபடத்திலேயே வட்டம் போட்டுக் காட்டியிருப்பார்கள். அவற்றுக்கு ஹாட் ஸ்பாட் என்று பெயர். சில இடங்களில் கோட்டின் குறுக்கே தரையிலேயே சிவப்பு விளக்கு வரிசை இருக்கும், ஸ்டாப் பார் என்பார்கள். அது எரியும்வரை, வாயால் அனுமதி கிடைத்தாலும் தாண்டக் கூடாது.

வழி தெரியவில்லை என்றால் என்ன செய்வது? நிற்க வேண்டும், சொல்ல வேண்டும், படிப்படியாக வழி சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். பெரிய கேப்டனுக்குக் கூச்சம் வரலாம், பின்னால் பத்து விமானம் வரிசையில் நிற்கலாம். இருந்தாலும் கேட்க வேண்டும். நிற்பதில் ஒரே ஒரு விலக்கு: ரன்வேயின் மேல் நிற்கக் கூடாது. ரன்வேக்குள் வந்துவிட்டோமோ என்ற சந்தேகம் வந்தால் முதலில் அதைவிட்டு வெளியே வர வேண்டும், அதே மூச்சில் டவருக்குச் சொல்ல வேண்டும்.

பயணிக்கு இதில் என்ன?

சீட் பெல்ட் விளக்கு அணையும்வரை எழுந்திருக்காதீர்கள் என்று பணிப்பெண்கள் சொல்வது வெறும் ஒழுங்குக்காக அல்ல. டாக்ஸியிங்கின்போது கேப்டன் திடீரென்று பிரேக்கை அழுத்த வேண்டி வரலாம். கோடு வந்துவிட்டது என்று அப்போதுதான் கவனித்திருக்கலாம், டவர் அவசரமாக நிற்கச் சொல்லியிருக்கலாம். அந்த நேரம் எழுந்து நின்று மேலே பெட்டியை இழுத்துக்கொண்டிருப்பவர் கீழே விழுவார், பெட்டி பக்கத்து இருக்கைக்காரரின் தலையில் விழும்.

அதோடு, யாராவது எழுந்தால் பணிக்குழுவின் கவனம் அங்கே போகிறது. அவர்களுக்கும் அப்போது வேலை இருக்கிறது. விமானம் பேவில் நிற்கும்வரை கதவுகள் அவசரச் சறுக்குப் பையோடு இணைந்த நிலையிலேயே இருக்கும், திறந்தால் சறுக்கு விரியும்படி. தரையில் ஏதாவது நடந்தால் உடனே எல்லோரையும் வெளியேற்ற வேண்டியவர்கள் அவர்கள். கதவுக்குப் பக்கத்து மடக்கு இருக்கையில் பெல்ட் போட்டபடி அவர்கள் உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான்.